முப்பதுக்கு நேரே நாற்பத்தெட்டு

ஜூலை 4, செவ்வாய்

நாளை பள்ளியில் பரிசளிப்பு விழா. காலை எட்டரைக்கு மேடையில் இருக்க வேண்டும். போன வருடம் அழைப்பிதழில் என் பெயரை 'மங்கையர்கரசி' என்று ஒரு 'க்'கை விழுங்கி அச்சிட்டிருந்தார்கள். கடிதம் எழுதினேன். இந்த வருடம் சரியாக இருக்கிறது.

காலமான என் கணவர் பெயரில் கணிதப் பதக்கம் கொடுக்கத் தொடங்கி இது பதினோராவது வருடம். பத்து விழாவுக்கும் நான் ஒரு நிமிடம் பிந்தியதில்லை. அதே கான்வென்டில்தான் நான் படித்தேன். அந்த நாளில் மணி அடித்த பிறகு வரும் பெண்ணை மதர் கேட்டில் நிறுத்திக் கடிகாரத்தைக் காட்டுவார். என்னை ஒருமுறைகூட நிறுத்தியதில்லை.

டிரைவர் சங்கிலி காரைக் கழுவி மெழுகு போட்டிருக்கிறான். 1957ஆம் வருடத்து வண்டி. அவர் நெடுஞ்சாலைத் துறையில் இருந்தபோது வாங்கியது. பாளையங்கோட்டையில் இந்த வயதுக் கார் வேறு எதுவும் ஓடவில்லை. சங்கிலி வந்து இருபத்தாறு வருடம். எனக்குத் தினமும் கார் தேவையில்லை என்பதால் காலையும் மாலையும் அதே பள்ளியின் வேனையும் ஓட்டுகிறான். நாளைக் காலை மட்டும் வேனுக்கு வேறு ஆள் சொல்லியிருக்கிறான்.

"எட்டு மணிக்குக் கிளம்பணும், சங்கிலி" என்றேன்.

"ஏழே முக்காலுக்கே நிப்பேன்ம்மா" என்றான். நிற்பான்.

ஜூலை 5, புதன்

வீட்டிலிருந்து கிளம்பும்போது மணி எட்டு பதினான்கு. காரணம் சங்கிலி அல்ல. புடவை மடிப்பு ஒரு விரற்கடை ஏறியிருந்தது. அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

பள்ளிக்கு முன்னால் விபத்து. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மணி எட்டு இருபத்தாறு. பிள்ளைகளைச் சாலை கடக்கவிடும் ஆயா ஞானப்பூ, கையில் சிவப்பு அட்டையோடு இரண்டு சிறு பிள்ளைகளைக் கேட்டில் கொண்டுபோய் விட்டாள். பிறகு, நடுச்சாலையில் விழுந்து கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினாள். சங்கிலி பிரேக் போட்டான். கார் நின்றது. நிற்பதற்குள் பம்பரின் ஓரம் அவள் இடது காலில் பட்டுவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை.

சங்கிலியே அவளைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனான். கூட்டம் ஆட்டோவோடு நகர்ந்துவிட்டது. நான் முன்சீட்டிலேயே இருந்தேன். பின்சீட்டில் எனக்குத் தலை சுற்றும் என்பதால் எப்போதும் முன்னால்தான் உட்காருவது. இருபது நிமிடம் தனியாக. சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. டாஷ்போர்டைத் துடைத்து ஒழுங்குபடுத்தினேன்.

சங்கிலி திரும்பி வந்தபோது போலீஸும் வந்துவிட்டது. எஸ்.ஐ. ஒரு பெண், பேச்சியம்மாள் என்று பெயர், முப்பது வயது இருக்கும். எடுத்த எடுப்பில் கேட்டாள்:

"எவ்வளவுல வந்தே?"

"மீட்டர்ல முப்பதும்மா" என்றான் சங்கிலி. சட்டையெல்லாம் ரத்தம்.

எஸ்.ஐ. நிமிர்ந்து சாலையோரத்துப் போர்டைப் பார்த்தாள். பள்ளிப் பகுதி, வேகம் 30. என் பக்கம் திரும்பினாள். "நீங்க கவனிச்சீங்களாம்மா?"

"முப்பதுதான். நான் எப்போதும் மீட்டரைப் பார்ப்பேன்."

"அப்ப வண்டி மேல தப்பில்ல. அந்தம்மா திடீர்னு திரும்பியிருக்காங்க" என்று எழுதிக்கொண்டாள்.

பதக்கத்தைத் தலைமையாசிரியையே கொடுத்துவிட்டாராம்.

ஜூலை 6, வியாழன்

காரை நேற்றே ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் பிரேக்கையும் விளக்கையும் பார்த்துவிட்டு, இன்று விட்டுவிட்டார். இந்த வயதில் இப்படியொரு பிரேக்கா என்று ஆச்சரியப்பட்டாராம்.

தலைமையாசிரியை போன் செய்தார். நான் மனதைப் போட்டு வருத்திக்கொள்ளக் கூடாதாம். ஞானப்பூ கவனக்குறைவாக இருந்ததற்கு விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்களாம். அது பள்ளியின் நடைமுறை. 

சங்கிலிக்குக் காலையில் நான்கு இட்லி வைத்தேன். இரண்டு திரும்பி வந்தது.

ஜூலை 7, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. எடை பார்த்து வாங்கினேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து, இரண்டு வேளை. தூக்கம் சரியில்லை. காபியைக் குறைக்க வேண்டும்.

ஜூலை 9, ஞாயிறு

மகன் குமரகுரு அமெரிக்காவிலிருந்து பேசினான். விபத்தைச் சொன்னேன்.

"எத்தனைல போனான் சங்கிலி?"

"முப்பது."

"முப்பதா? இங்க ஸ்கூல் பக்கத்துல இருபதுக்கு மேல போனா டிக்கெட் எழுதி ஃபைன் போட்டுருவான்ம்மா. முப்பதுல போனா லைசென்ஸையே... ஓ, இங்க மைல்லா. உங்களுக்குக் கிலோமீட்டர். அப்ப முப்பதுன்னா சைக்கிள் வேகம்தான். அதுல போயா கால் ஒடிஞ்சுது? ஆமா, அந்தக் காரு அப்பாவோட பழைய காருல்ல? அதுல மீட்டர்..."

லைன் சரியில்லை. வைத்துவிட்டேன்.

மாலையில் பூச்சட்டிகளுக்கு மண் மாற்றினேன்.

ஜூலை 11, செவ்வாய்

எஸ்.ஐ. பேச்சியம்மாள் வீட்டுக்கே வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தாள். நல்ல வளர்ப்பு. ஆனால் நாற்காலியில் உட்காரவில்லை. சங்கிலியைக் கூப்பிடச் சொன்னாள்.

பள்ளிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. அவள் போனில் காட்டினாள். கறுப்புக் கார் ஒரு மின்கம்பத்தைத் தாண்டுகிறது, அடுத்த கம்பத்தைத் தாண்டுகிறது. ஞானப்பூ இன்னும் படத்துக்குள் வரவில்லை. அங்கே நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் நானும் பார்க்கக் கேட்கவில்லை.

"ரெண்டு போஸ்டுக்கும் நடுவுல நாப்பது மீட்டர். சரியா மூணு செகண்ட்ல தாண்டுது. பிரேக் இன்ஸ்பெக்டர் கணக்குப் போட்டு நாப்பத்தெட்டு கிலோமீட்டர்னு எழுதிக் குடுத்துட்டாரு. நீ என்ன முப்பதுங்கே?"

"மீட்டர்ல முப்பதுதான்ம்மா இருந்துச்சு."

"அப்ப கேமரா பொய் சொல்லுதா?"

"மீட்டர்ல முப்பது" என்றான் மறுபடியும். பிறகு என்னைப் பார்த்தான்.

நான் மேசை விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"ஏம்மா, மீட்டர் ரிப்பேரா இருக்குமோ?" என்று எஸ்.ஐ. என்னிடம் கேட்டாள். குரலைத் தணித்துத்தான் கேட்டாள்.

"இந்தக் காரில் எதுவும் ரிப்பேர் இல்லை" என்றேன்.

"அப்ப உங்களுக்கும் கண்ணு சரியாத் தெரிஞ்சிருக்காது. வயசாயிருச்சில்லா. இவன் சொன்னதைத்தான் நீங்களும் சொல்லியிருக்கீங்க." சங்கிலி பக்கம் திரும்பினாள். "வேகமா வந்தது ஒரு தப்பு. வயசான அம்மாவ வேற பொய்சாட்சி சொல்ல வச்சிருக்கே பாரு, அதான் பெரிய தப்பு. லைசென்ஸ எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வா."

சங்கிலி சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அவள் பின்னால் போனான்.

என் கண்ணைப் பற்றி அவள் சொன்னது தவறு. என்னால் ஆறடி தூரத்துக் காலண்டரில் ராகுகாலம் படிக்க முடியும்.

ஜூலை 12, புதன்

கேமராவை நான் நம்பவில்லை. நாற்பது மீட்டர் என்று யார் அளந்தது? காலை பத்து மணிக்கு ஆட்டோ பிடித்து, அவருடைய ஐம்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஆட்டோக்காரர் ஒரு நுனியைப் பிடித்தார். "என்னம்மா, ரோட்டை வாங்கப் போறியளா?" என்றார். 

நாற்பது மீட்டர் இருபது சென்டிமீட்டர். பிரேக் இன்ஸ்பெக்டர் இருபது சென்டிமீட்டரை விட்டிருக்கிறார். அந்த இருபதும் சங்கிலிக்கு எதிராகத்தான் நிற்கிறது.

40.2 வகுத்தல் 3: நொடிக்கு 13.4 மீட்டர்.
பெருக்கல் 18, வகுத்தல் 5: மணிக்கு 48.24 கிலோமீட்டர்.

இந்தப் பதினெட்டு-கீழ்-ஐந்தை எனக்குப் பதின்மூன்று வயதில் கற்றுத் தந்தார்கள். மணிக்கு மூவாயிரத்து அறுநூறு நொடி, கிலோமீட்டருக்கு ஆயிரம் மீட்டர், சுருக்கினால் பதினெட்டின் கீழ் ஐந்து. அப்போது முதல் ஒருமுறையும் தவறியதில்லை. இரண்டாவது தடவை போட்டேன். 48.24.

ஜூலை 13, வியாழன்

நாள் முழுக்கத் தூறல். கார் ஷெட்டுக்குப் போகவில்லை.

ஜூலை 14, வெள்ளி

பள்ளி வேனைச் சங்கிலியிடமிருந்து வாங்கிவிட்டார்கள். லைசென்ஸ் போலீஸிடம் இருப்பதால் எப்படியும் ஓட்ட முடியாது. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் அது இல்லையாம். "போலீஸ்ட்ட பொய் சொன்ன ஆளு கையில பிள்ளைகள எப்படிக் குடுக்க" என்று ஆபீஸில் கேட்டார்களாம். நான் விசாரித்ததால்தான் சொன்னான், தானாகச் சொல்லவில்லை.

"பதினோரு வருஷம்ம்மா. ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததுகூடக் கிடையாது, நான் பிரேக் போட்டு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பிறகு ஷெட்டுக் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டான்.

இனி அவன் எங்கே போய் வேலை கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். வேகமாக வந்தவன் என்று அல்ல. வேகமாக வருபவர்களை இந்த ஊர் தினமும் மன்னிக்கிறது. பொய் சொன்னவன் என்பார்கள்.

மீட்டரில் முப்பது இருந்தது. அது பொய் இல்லை. அதை நானும் பார்த்தேன்.

ஜூலை 15, சனி

ஆஸ்பத்திரிக்குப் போய் ஞானப்பூவைப் பார்த்தேன். காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும், கறுத்து ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். பக்கத்துக் கட்டில்காரியிடம் என்னை "நம்ம பள்ளிக்கூடத்துக்கு மெடல் குடுக்குற அம்மா" என்று அறிமுகம் செய்தாள். "எனக்கும் ஒண்ணு குடுத்திருக்காவ, காலுக்குள்ள" என்றாள். பக்கத்துக் கட்டில்காரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை வெளியே எடுத்து வைத்தேன்.

"சங்கிலி அண்ணனப் போலீஸ் பிடிச்சு வச்சு, விட்டாவளாமே?"

"லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள்."

"அது பொய் சொல்ற ஆளு இல்லம்மா. என்னை ஆட்டோவுல வச்சுக் கொண்டுபோகையில வழியெல்லாம் அழுதுகிட்டே வந்துச்சு. நாந்தான், 'ஏண்ணே, கால் எனக்கா உனக்கா?'ன்னு கேட்டேன். பதினோரு வருஷமா அது வேன் அந்தக் கேட்டுக்கு வருது, ஆமை மாதிரித்தான் வரும். உங்க காருல உங்களக் கூட்டிட்டு வரும்போதுதான் ஒரு அவசரம்."

நான் பழங்களை வரிசையாக அடுக்கினேன்.

"அன்னைக்கு நீங்க கண்ணாடிக்குப் பின்னால என்னமோ சொன்னிய. வாய் அசைஞ்சது எனக்குத் தெரிஞ்சுது. அதுக்குப் பொறவுதான் வண்டி விர்ருனு வந்துச்சு. என்னம்மா சொன்னிய?"

"பழம் எட்டு இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு சாப்பிடு" என்றேன்.

ஜூலை 16, ஞாயிறு

இன்று அவர் கணக்குப் போட வைத்திருந்த ஸ்லைடு ரூலின் பெட்டியைத் திறந்தேன். ஐந்தாம் தேதி அதற்குள் வைத்ததை எடுத்தேன். இந்த நாட்குறிப்பில் அன்று 'துடைத்து ஒழுங்குபடுத்தினேன்' என்று எழுதியிருக்கிறேன். அது முழு விவரம் இல்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்தக் காரின் மீட்டர் மைலில் காட்டுவது. 1957இல் எல்லா வண்டியும் அப்படித்தான். டயலில் மைல் என்று குறித்திருந்த எழுத்தை யாரோ ஒரு மெக்கானிக் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததில் அழிந்துவிட்டது. எண்கள் மட்டும் மிச்சம். இளவயதுப் பிரேக் இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தாலும் கிலோமீட்டர் என்றுதான் நினைப்பார்.

என் கணவருக்கு இது சிரிப்பு. அறுபதுகளில் இந்த ஜில்லாவின் மைல் கற்களையெல்லாம் பெயர்த்துக் கிலோமீட்டர் கற்களாக நட்டவர்களில் அவரும் ஒருவர். "ஊரையே மாத்திட்டேன், இந்த ஒரு மீட்டரை மாத்த முடியலை பாரு" என்பார். டயலுக்குக் கீழே ஒரு காகிதத் துண்டை ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்திருந்தார். 10க்கு நேரே 16. 20க்கு நேரே 32. 30க்கு நேரே 48. 40க்கு நேரே 64. அவருடைய கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போலிருக்கும். இதில் மட்டும் எண்கள் பெரிது பெரிதாக இருக்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை. தன் சௌகரியத்துக்கு ஒட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

அந்தத் துண்டை நான் நகத்தால் உரித்து எடுத்தேன். ஒரு மூலை கிழிந்துவிட்டது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் பள்ளிக்கு முன்னால் 30 என்ற போர்டு வந்தது. அன்று சங்கிலி முள்ளை இருபதுக்குக் கீழே வைத்து ஊர்ந்தான். பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. "போர்டிலும் முப்பது, மீட்டரிலும் முப்பது. பிறகு என்ன உனக்கு?" என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும். அன்று முதல் அந்த இடத்தில் முப்பது.

ஐந்தாம் தேதியும் கேட் நெருங்கும்போது அவன் காலைத் தளர்த்தினான். மணி எட்டு இருபத்தாறு. "முப்பது இருக்கட்டும், சங்கிலி, முப்பது" என்றேன். ஞானப்பூ பார்த்தது அதைத்தான்.

போர்டு சொன்ன முப்பதுக்கு முள் பதினெட்டரையில் நிற்க வேண்டும். மைலுக்கு 1.609.

ஜூலை 17, திங்கள்

பதினொரு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. இருந்தாள். காகிதத் துண்டை மேசைமேல் வைத்து, நேற்று எழுதியதை வரிசையாகச் சொன்னேன். எதையும் விடவில்லை.

அவள் துண்டைக் கையிலெடுத்துப் பார்த்தாள். கிழிந்த மூலையைத் தடவினாள்.

"பன்னெண்டு நாளா இது எங்க இருந்துச்சு?"

"என் வீட்டில்."

"நான் உங்க வீட்டுக்கு வந்தப்பவும்?"

"ஆமாம்."

"கண்ணு தெரியலன்னு சொன்னேனேம்மா உங்கள. அதுக்குக்கூட நீங்க கோபப்பட்டு ஒரு வார்த்தை சொல்லலையே."

எழுத்தரைக் கூப்பிட்டு வாக்குமூலம் எழுதச் சொன்னாள். வந்தவர் 'வேகம் 30' என்று எழுதினார். "அலகு எழுதுங்கள். முப்பது மைல், அதாவது நாற்பத்தெட்டு கிலோமீட்டர். அலகு இல்லாத எண் எண்ணே இல்லை" என்றேன். அவர் எஸ்.ஐ.யைப் பார்த்தார்.

"எழுதுங்க. அலகு எழுதாமத்தான இம்புட்டும்" என்றாள் அவள்.

"டிரைவருக்கு இது மைல் மீட்டர்னு தெரியுமா?"

"தெரியாது. எட்டாவது வரை படித்தவன். நான் சொன்னதை நம்பி ஓட்டினான். அவன் கண்ணால் கண்டது முப்பது, வாயால் சொன்னதும் முப்பது. அவன் பொய் சொல்லவில்லை. அதைத் தெளிவாக எழுத வேண்டும்."

எழுதினார்கள். 'வாகனத்தின் வேகத்தை வற்புறுத்தியவர் உரிமையாளர்' என்றும் எழுதினார்கள். படித்துப் பார்த்து, இரண்டு சந்திப் பிழைகளைத் திருத்திக் கையெழுத்திட்டேன். என் பேரிலும் வழக்கு வரும் என்றாள் எஸ்.ஐ. வரட்டும் என்றேன்.

 வெளியே வந்த பிறகுதான் காலையில் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அங்கிருந்தே பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியையிடமும் சொன்னேன். ஞானப்பூவிடம் கேட்ட விளக்கத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவர் நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

சங்கிலியைக் காலையிலேயே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றான்.

"எஸ்.ஐ. அம்மா உங்க எழுத்த வாசிச்சுக் காட்டினாவ" என்றான்.

"சரி. இனி உன்னை யாரும் பொய்யன் என்று சொல்ல முடியாது."

"அதுல ஒண்ணு தப்பா எழுதியிருக்கும்மா. எனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கு."

நான் ரவை வறுத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியும்லா. வேலைக்குச் சேந்த அன்னைக்கே அய்யா உக்கார வச்சுச் சொல்லித் தந்தாவ. 'இது மைல் மீட்டர்லே, ரோட்டுல நிக்கிற போர்டு கிலோமீட்டர்.' மறக்கப்படாதுன்னு எனக்காகத்தான் எழுதி ஒட்டினாவ. என் கண்ணுக்குத் தெரியணும்னு பெருசு பெருசா எழுதினாவ. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வந்தா இருபதுக்குக் கீழன்னு சொன்னாவ."

"பிறகு ஏன் முப்பதில் ஓட்டினாய்?"

"போர்டு வெச்ச அன்னைக்கு, 'அம்மா, அந்த முப்பது வேற'ன்னு வாயெடுத்தேன். 'எனக்குக் கணக்குச் சொல்லித் தராதே'ன்னிய."

சொல்லியிருப்பேன். எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

"போலீஸ் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம்."

"என்னத்தக் காட்டிச் சொல்ல? ஞானப்பூவ விட்டுட்டுத் திரும்பி வந்து கதவத் தொறந்தேன். காகிதம் இருந்த எடம் வெள்ளையா இருந்துச்சு. காருக்குள்ள இருந்தது நீங்க ஒருத்தர்தான்." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். "நீங்களாக் கொண்டுபோய்க் குடுப்பியன்னு இருந்தேன். அய்யா வீட்டுல அப்படித்தான நடக்கும்."

ரவை ஒருபக்கம் கருகிவிட்டது. அடுப்பை அணைத்தேன்.

"இதையெல்லாம் அந்த எஸ்.ஐ.யிடம் சொன்னாயா?"

"எனக்குத் தெரியும்ங்கிறத மட்டும் சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாவ. நீங்க சொன்னியன்னாலும் பெடல்ல இருந்தது என் காலுல்லா. அந்தத் தப்பு எனக்கும் வேணும்ம்மா."

நான் என் வாக்குமூலத்தில் இரண்டு சந்திப் பிழைகளைத்தான் திருத்தியிருந்தேன்.

புதிதாக ரவை வறுத்து உப்புமா கிண்டினேன். முன்னறையில் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் சங்கிலியை உட்காரச் சொன்னேன். உட்கார மாட்டேன் என்றான். உட்கார் என்றேன். தட்டு காலியாகத் திரும்பி வந்தது.

ஆகஸ்ட் 3, வியாழன்

சங்கிலியின் லைசென்ஸ் ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைப்பு. வழக்கு இருவர் பேரிலும் நடக்கும். இந்த மாதக் கடைசியில் முதல் வாய்தா. வக்கீல், என் வயதைச் சொல்லி விலக்குக் கேட்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். நேரில் போவேன்.

காகிதம் போலீஸ் வசம். அதைப் பார்த்து வேறொன்று எழுதி டயலுக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். எண்களைப் பெரிதாக எழுதினேன். 18½க்கு நேரே 30 என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன். கார் ஷெட்டில் நிற்கிறது.

ஆகஸ்ட் 10, வியாழன்

பள்ளி சங்கிலியைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. வேனுக்கு அல்ல, கேட்டுக்கு. ஞானப்பூ குணமாகி வரும்வரை சிவப்பு அட்டை பிடிக்க ஆள் வேண்டும். யோசனை அவளுடையதுதானாம். "சங்கிலி அண்ணனையே நிறுத்துங்க சிஸ்டர், வண்டி எப்படி வரும்னு அதுக்குத்தான் தெரியும்" என்றாளாம்.

இன்று பஸ்ஸில் போய் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்து, நடுச்சாலையில் தூண் மாதிரி நிற்கிறான். ஒரு வேன்காரன் ஹாரன் அடித்தான். "மணிக்கு முப்பதுடே! கிலோமீட்டர்!" என்று சங்கிலி கத்தியது சாலை தாண்டி எனக்குக் கேட்டது.

ஆகஸ்ட் 19, சனி

ஞானப்பூ ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்கு வந்துவிட்டாள். டாக்டர் தினமும் வாக்கர் பிடித்து நடக்கச் சொல்லியிருக்கிறார். தனியே நடக்கப் பயப்படுகிறாள். புருஷன் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுகிறான். நான் போனேன். அவள் வீட்டு வாசலிலிருந்து தெருக்குழாய் வரை டேப் வைத்து அளந்தேன். பத்து மீட்டர். பக்கத்தில் நடந்தேன். ஒரு நிமிடம் ஆயிற்று.

10 வகுத்தல் 60, பெருக்கல் 18, வகுத்தல் 5: மணிக்கு 0.6 கிலோமீட்டர்.

ஆகஸ்ட் 26, சனி

இந்த வாரம் ஐந்து நாள் போனேன். புதன்கிழமை மழை, வியாழன் கோர்ட்டு.

கோர்ட்டில் பத்தரைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லி மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். நானும் சங்கிலியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒருமுறைகூட நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று அவன்தான் சொன்னான்.

இன்று ஞானப்பூ குழாய்வரை போய்விட்டு நிற்காமல் திரும்பினாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கூட வந்தேன்.

"என்னம்மா, எனக்கும் கேமரா வச்சிட்டியளா? நான் எத்தனைல போறேன், அதச் சொல்லுங்க."

"பத்து மீட்டருக்கு நாற்பது நொடி. மணிக்கு 0.9 கிலோமீட்டர். போன வாரம் 0.6."

"அடியம்மா! வேகமாப் போறேனோ?"

"இன்னும் போகலாம்."

"நீங்க 'போ'ன்னு சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இந்தக் கதி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கும்வரை சிரித்தாள்.

"நீயே சொல். நீ சொல்கிற வேகத்தில் நான் வருகிறேன்" என்றேன்.

மறுபடியும் குழாய்வரை போனோம். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதனால் இந்த முறை எவ்வளவு என்று தெரியாது.